வயசு கம்மின்னா சம்பளமும் கம்மியா? வாசகர் கேள்வி, நம்ம பதில்

போன இதழ்ல குறைந்தபட்ச சம்பளம் பத்தி எழுதினதுக்கு நிறைய கடிதம் வந்திருக்கு, அதுல பாதிக்கு மேல சுத்திச் சுத்தி ஒரே விஷயத்தைத்தான் கேக்குது. சின்னப் பசங்க, புதுசா சேர்ந்தவங்க, ட்ரெய்னிங்ல இருக்கறவங்களுக்கு கம்மியா குடுக்கலாமா, சட்டத்துல அப்படி இடம் இருக்கான்னு. அதனால இந்த வாரம் முழுக்க இதுக்கே ஒதுக்கிட்டேன். பேரு போட வேண்டாம்னு எல்லாருமே கேட்டிருந்தாங்க, போடல.

கேள்வி: அக்கா, என் மகனுக்கு 17 முடிஞ்சு 18 நடக்குது. ப்ளஸ் டூ பரிட்சை எழுதிட்டு மதுரைல ஒரு ஜவுளிக்கடைல சேர்ந்திருக்கான். காலைல ஒம்பதரைக்குப் போனா ராத்திரி பத்தரை ஆகுது வர்றதுக்கு. கூட நிக்கிற பெரிய ஆளுகளுக்கு 13,000, இவனுக்கு 7,000. கேட்டா "மைனருக்கு பாதிதான், சட்டமே அப்படித்தான் இருக்கு"ன்னு மேனேஜர் சொல்றாராம். நெசமா? – ஓர் அம்மா, திருமங்கலம்

பதில்: இல்லைம்மா. அடுத்த தடவை அவர் அப்படிச் சொன்னா எந்த அரசாணை, நம்பர் என்னன்னு மட்டும் கேக்கச் சொல்லுங்க, வேற ஒண்ணும் பேச வேண்டாம்.

மேனேஜர் எங்கேருந்து இதைப் பிடிச்சாருன்னு எனக்குப் புரியுது. 1948 ல வந்த குறைந்தபட்ச ஊதியச் சட்டத்துல பெரியவங்க, வளரிளம் பருவத்தினர், குழந்தைகள், பயிலுநர்கள் (அப்ரெண்டிஸ்)னு தனித்தனியா ரேட் நிர்ணயிக்கலாம்னு ஒரு பிரிவு இருந்துச்சு. அதுல வளரிளம் பருவம்னா 14 முடிஞ்சு 18 முடியாதவங்க. ஆனா அந்த அதிகாரம் அரசாங்கத்துக்குக் குடுத்தது, கடை முதலாளிக்குக் குடுத்தது இல்ல. அரசு தனியா ஒரு ரேட் அறிவிக்கலைன்னா எல்லாருக்கும் ஒரே ரேட்தான். அந்தச் சட்டத்தோட இடத்துல இப்ப ஊதியச் சட்டத் தொகுப்பு 2019 வந்து 2025 நவம்பர் 21 ல இருந்து அமல்ல இருக்கு, அதுல ரேட் போடறதுக்கு முக்கியமா பாக்கச் சொல்றது ரெண்டே விஷயம், வேலைக்கு வேண்டிய திறமை எவ்வளவு, எந்த ஏரியா. வயசுங்கிற பேச்சே அங்க இல்ல. பழைய அரசாணைல இருக்கற ரேட் எல்லாம் புதுசு வர்ற வரைக்கும் செல்லும், அதனால "புதுச் சட்டம் வந்துருச்சு, பழைய ரேட் செல்லாது"ன்னு யாராவது கிளப்பிவிட்டா நம்பாதீங்க.

ஆனா உங்க கடிதத்துல சம்பளத்தை விட எனக்குப் பெரிய கவலை அந்த ராத்திரி பத்தரைதான். உங்க பையனுக்கு வயசுனால ஒரு சலுகை சட்டத்துல உண்டு, அது அவன் பக்கம் இருக்கற சலுகை. குழந்தைத் தொழிலாளர் சட்டத்தை 2016 ல திருத்தினப்போ 14 வயசுக்குக் கீழ இருக்கறவங்களை குடும்பத் தொழில் மாதிரி ஓரிரு விதிவிலக்கு தவிர எந்த வேலைக்கும் வைக்கக்கூடாதுன்னும், 14 ல இருந்து 18 வரைக்கும் சுரங்கம், பட்டாசு, கெமிக்கல் மாதிரி ஆபத்தான வேலைல வைக்கக்கூடாதுன்னும் ஆக்கினாங்க. ஜவுளிக்கடை அந்த ஆபத்தான லிஸ்ட்ல வராது, வேலை பாக்கலாம். ஆனா இடைவேளை எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு ஆறு மணி நேரத்துக்கு மேல கூடாது, மூணு மணி நேரம் தொடர்ந்து வேலைன்னா ஒரு மணி நேரம் ஓய்வு குடுத்தே ஆகணும், சாயந்தரம் 7 மணில இருந்து மறுநாள் காலை 8 வரைக்கும் வைக்கவே கூடாது, ஓவர்டைம் கிடையவே கிடையாது, வாரம் ஒரு நாள் முழு லீவு. உங்க பையன் கணக்குல பாத்தா இந்த ஆறு மணி நேர வரம்பும் ராத்திரித் தடையும் தினமும் மீறப்படுது. ஆறு மணி நேரம்தான் வேலைன்னா சம்பளமும் அந்த அளவுக்குக் குறையலாம், அது நியாயம்தான், ஆனா ஒரு மணி நேரத்தோட விலை பக்கத்துல நிக்கிற பெரியவருக்கு கட்டாயமா குடுக்க வேண்டியது எவ்வளவோ அதுக்குக் கீழ போகக்கூடாது. இவங்க பண்றது பதிமூணு மணி நேரம் நிக்க வெச்சு பாதி சம்பளம். இத மைனர் சலுகைன்னு சொல்றதுக்கு எப்படி மனசு வருதுன்னு தெரியல.

முதல்ல நேர்ல போய் தன்மையாவே பேசுங்க. மசியலைன்னா தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) ஆபீஸ்ல எழுதிக் குடுங்க, 18 முடியாத பிள்ளைன்றதால 1098 க்கும் போன் பண்ணலாம். இன்னொண்ணு, உக்கார விடறாங்களான்னு பையன்கிட்ட கேளுங்க. கடைல நிக்கிறவங்களுக்கு உக்கார இடம் போடணும்னு 2021 ல தமிழ்நாடு சட்டத்தையே திருத்தியிருக்கு.

கேள்வி: எனக்கு 19 வயசு, வேடசந்தூர் பக்கம் ஒரு பஞ்சாலைல ஹாஸ்டல்ல தங்கி வேலை பாக்கிறேன். மூணு வருஷம் ட்ரெய்னிங்னு சேர்த்தாங்க, ரெண்டு வருஷம் ஆச்சு. நாளைக்கு 290 ரூபாய் எழுதறாங்க, சாப்பாடு ஹாஸ்டல்னு 90 பிடிக்கிறாங்க, மூணு வருஷம் முடிஞ்சாத்தான் ஒரு தொகை மொத்தமா தருவாங்களாம், நடுவுல போனா கிடையாதாம். நூல் நூக்கிற மெஷின்ல ஆறு சைடு நான் தனியாப் பாக்கிறேன், புதுசா வர்ற பிள்ளைகளுக்கு இழை ஒட்டச் சொல்லிக் குடுக்கிறதே நான்தான். இன்னும் நான் ட்ரெய்னியா அக்கா? – ஒரு வாசகி

பதில்: உன் கடைசி வரியிலயே பதில் இருக்கு தங்கச்சி. அடுத்தவங்களுக்கு வேலை சொல்லிக் குடுக்கிற ஆளை எந்த ஊர்லயும் கத்துக்கற ஆள்னு சொல்ல மாட்டாங்க.

நம்ம நாட்டுல வயசைச் சொல்லி சம்பளத்தைக் குறைக்கிறது இப்ப சட்டப்படி முடியாதுன்னு மேல எழுதினேன்ல, அதுக்கு பதிலா நடைமுறைல இருக்கறது இந்த "ட்ரெய்னிங்"தான். வயசுங்கிற வார்த்தையே வராது, ஆனா ட்ரெய்னியா எடுக்கறது யாரைன்னு பாத்தா 18, 19, 20 வயசு, பெரும்பாலும் பொண்ணுங்க. திண்டுக்கல், கோயம்புத்தூர், ஈரோடு, திருப்பூர் பக்கம் சுமங்கலித் திட்டம், திருமண உதவித் திட்டம்னு பேர் வெச்சு மூணு வருஷக் கடைசில கல்யாணத்துக்கு ஆகும்னு ஒரு தொகையைக் காட்டி ஆள் எடுத்தாங்க, கடைசி மாசத்துல உடம்பு சரியில்லாம வீட்டுக்குப் போன பொண்ணுக்கு அது கிடைக்காமப் போச்சு. அந்தப் பணம் முதலாளி குடுக்கற சீதனம் கிடையாது, மாசாமாசம் உன் சம்பளத்துல குறைச்சு வெச்ச உன் காசு. சட்டத்துல மாசச் சம்பளத்தை அடுத்த மாசம் 7 ஆம் தேதிக்குள்ள குடுக்கணும், வேலையை விட்டு நின்னா ரெண்டு வேலை நாளுக்குள்ள கணக்கு முடிக்கணும். மூணு வருஷம் பிடிச்சு வெச்சுக்கலாம்னு எங்கயும் இல்ல.

நீ சட்டப்படி அப்ரெண்டிஸா இல்லையான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? 1961 ல வந்த பயிலுநர் சட்டம்னு ஒண்ணு இருக்கு, அதுல சேர்ந்தவங்களுக்கு குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் பொருந்தாது, உதவித்தொகை மட்டும்தான், இதை நான் மறைக்கல. ஆனா அதுக்கு எழுத்துல ஒப்பந்தம் போட்டு அரசாங்க போர்ட்டல்ல பதிவு பண்ணியிருக்கணும், உன் பேர்ல ஒரு பதிவு நம்பர் இருக்கணும், எந்தத் தொழில்ல பயிற்சி, எத்தனை மாசம்னு அதுல இருக்கணும், அப்ரெண்டிஸ்ஷிப் அட்வைசர்ங்கற அரசு அதிகாரி அனுமதி இல்லாம ஓவர்டைம் வாங்கக்கூடாது. நீ கையெழுத்துப் போட்டது வெறும் மில் லெட்டர்பேடா, இல்ல இந்த ஒப்பந்தமா? லெட்டர்பேடுன்னா ட்ரெய்னின்னு எழுதியிருக்கறதுக்கு மதிப்பில்ல, நீ தொழிலாளி, முழு ரேட் உனக்கு உண்டு. பஞ்சாலைப் பயிலுநர்களுக்குன்னே தமிழ்நாடு அரசு தனியா குறைந்தபட்சக் கூலி நிர்ணயம் பண்ணினதும் இந்த மாதிரி லெட்டர்பேடு ட்ரெய்னிங்கை எல்லாம் பாத்துட்டுத்தான்.

தங்கற இடத்துக்குப் பிடிக்கலாம், ஆனா எவ்வளவு எதுக்குன்னு ரசீதுல இருக்கணும், மொத்தப் பிடித்தமும் சம்பளத்துல பாதியைத் தாண்டக்கூடாது. நீயா சம்மதிச்சுக் கையெழுத்துப் போட்டாலும் குறைந்தபட்சத்துக்குக் கீழ வாங்கிக்கறேன்னு எழுதின ஒப்பந்தம் செல்லவே செல்லாது, இது 1948 சட்டத்துலயே இருந்துச்சு. டெல்லில 1982 ஆசிய விளையாட்டுப் போட்டிக்கு ஸ்டேடியம் கட்டின கூலிக்காரங்க விஷயம் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனப்போ, குறைந்தபட்சக் கூலிக்குக் கீழ குடுத்து வேலை வாங்கினா அதுவே கட்டாய உழைப்புன்னு தீர்ப்பு சொன்னாங்க, அரசியல் சட்டத்தோட 23 ஆவது பிரிவை மீறினது. உன் 290 ரூபாயை நான் அந்தத் தீர்ப்போட சேர்த்துத்தான் படிக்கிறேன்.

இப்போதைக்கு ஒண்ணு செய். பகல், அரை நைட், புல் நைட், எந்த நாள் எந்த ஷிப்ட், எத்தனை சைடு, எத்தனை மணிக்கு உள்ள போனே எத்தனை மணிக்கு வெளிய வந்தேன்னு ஒரு நோட்ல எழுதிட்டே வா, பேங்க் பாஸ்புக்கை போட்டோ எடுத்து வீட்டுக்கு அனுப்பி வெச்சுடு. தனியாப் போய் ஆபீஸ்ல கேக்காத, கூட நாலு பேர் சேர்ந்து கேளுங்க.

கேள்வி: திருப்பூர்ல 22 தையல் மெஷின் போட்டு சின்னதா யூனிட் நடத்தறேன். நீங்க எப்பவும் தொழிலாளி பக்கமே பேசறீங்க. 18 வயசுப் பையன் வந்து சேர்றான், ஓவர்லாக் மெஷினுக்கும் பேட்லாக் மெஷினுக்கும் வித்தியாசம் தெரியாது, பீஸைக் கெடுக்கறான், மூணு மாசம் கத்துக் குடுத்ததும் பக்கத்துக் கம்பெனில 20 ரூபாய் சேர்த்துக் குடுக்கறாங்கன்னு போயிடறான். அவனுக்கும் முழு மினிமம் குடுன்னா எப்படிங்க கட்டுபடியாகும்? – ஒரு முதலாளி

பதில்: கோபம் நியாயமானதுதான் சார், ஜாப் ஒர்க் ரேட்டை, அதாவது தைச்சுக் குடுக்கற கூலியை, மேல இருக்கற பெரிய கம்பெனிக்காரங்க வருஷக்கணக்கா ஏத்தாம உங்க கழுத்தைப் பிடிக்கிறதும் தெரியும். ஆனா உங்க கேள்விக்குள்ள ஒரு தப்பான கணக்கு இருக்கு. மினிமம்ங்கறது டெய்லருக்கு ஒரே ரேட், ஹெல்பருக்கும் அதே ரேட்னு இல்லையே. திறன் இல்லாதவர், ஓரளவு திறன், திறன் உள்ளவர், மிகுந்த திறன்னு படி பிரிச்சிருக்கறதே நீங்க சொல்ற இந்தப் பையனுக்காகத்தான். மெஷின்ல உக்காரத் தெரியாதவன் கைமடிச்சுட்டு பிசிறு வெட்டிட்டு இருக்கான்னா அவனுக்கு டெய்லர் ரேட் குடுங்கன்னு யாரும் சொல்லல, கீழ்ப்படி ரேட்டைக் குடுங்க. அந்தக் கீழ்ப்படிக்கும் கீழ ஒரு படி, அவனுக்கு வயசு 18 ன்னு நீங்களா வெட்டறீங்க பாருங்க, அதைத்தான் கூடாதுங்கறேன். கைமடிக்கிற வேலைல 40 வயசு அம்மா ஒரு மணி நேரத்துல முடிக்கிறதை அவன் முக்கால் மணி நேரத்துல முடிப்பான், அப்ப வயசுக்காகக் கூட்டிக் குடுப்பீங்களா?

கட்டுபடி ஆகாதுங்கற வாதத்தை கோர்ட்டு ரொம்ப காலமா கேட்டுட்டுத்தான் இருக்கு. தொழிலாளிக்கு அடிப்படைக் கூலி கூட குடுக்க முடியாத தொழிலுக்கு இருக்கறதுக்கே உரிமை இல்லைன்னு 1957 ல சுப்ரீம் கோர்ட் சொல்லுச்சு. 1961 ல கேரளா ஓட்டுக் கம்பெனிக்காரங்க போட்ட கேஸ்லயும், முதலாளியால முடியுமா முடியாதான்னு பாத்து குறைந்தபட்சக் கூலி போடறது இல்ல, தொழிலாளி உயிர் வாழறதுக்கு எவ்வளவு வேணும்னு பாத்துத்தான் போடறதுன்னு தெளிவாச் சொல்லிட்டாங்க. 1948 குறைந்தபட்ச ஊதியச் சட்டத்துக்கான மசோதாவை 1946 ல கொண்டு வந்தது அப்ப தொழிலாளர் துறைய வெச்சிருந்த அம்பேத்கர், சட்டமாகும்போது அந்தத் துறை ஜெகஜீவன் ராம்கிட்ட இருந்துச்சு. கூலி பேரம் பேச சக்தி இல்லாதவன் எவ்வளவு கீழ இறங்குவான்னு ரெண்டு பேருக்கும் யாரும் சொல்லிக் குடுக்க வேண்டியதில்ல.

சரி, உங்களுக்கு உதவியா ஒண்ணு. கத்துக் குடுக்கிற செலவு உங்களுக்கு உண்மையாவே ஆகுதுன்னா அதுக்கு நேர் வழி இருக்கு, அப்ரெண்டிஸா எடுங்க, போர்ட்டல்ல பதிவு பண்ணுங்க. 30 பேரோ அதுக்கு மேலயோ இருக்கற இடத்துக்கு அது கட்டாயம், மொத்த ஆள்ல 2.5 சதவீதத்துல இருந்து 15 சதவீதம் வரைக்கும் எடுக்கணும். உங்கள மாதிரி சின்ன யூனிட்ல நாலு பேராவது இருந்து 30 க்குக் கீழ இருந்தா விருப்பம். 2019 ல திருத்தின விதில படிப்பைப் பொறுத்து மாசம் 5,000 ல இருந்து 9,000 வரைக்கும் குறைந்தபட்ச உதவித்தொகை வெச்சாங்க, அஞ்சாவது முதல் ஒம்பதாவது வரைக்கும் படிச்சவங்களுக்கு 5,000, பத்தாவதுக்கு 6,000, ப்ளஸ் டூவுக்கு 7,000, இப்படிப் போகும். மத்திய அரசோட அப்ரெண்டிஸ்ஷிப் ஊக்குவிப்புத் திட்டத்துல உதவித்தொகைல கால்வாசி, அதிகபட்சம் 1,500 ரூபாய் வரைக்கும், அரசாங்கமே ஏத்துக்குது. ஆறு மாசத்துல இருந்து 36 மாசம் வரைக்கும்தான் அது, முடிஞ்சதும் பையன் கைல சர்டிபிகேட் இருக்கணும். அவன் ஓடிப் போறான்கற பிரச்சனை? பக்கத்துக் கம்பெனி 20 ரூபாய் சேர்த்துக் குடுக்குதுன்னா மார்க்கெட்ல அவன் வேலைக்கு அவ்வளவு விலை இருக்குன்னுதான் அர்த்தம், நீங்களும் நாலாவது மாசம் அதைக் குடுத்துப் பாருங்க சார்.

கேள்வி: நான் காலேஜ் செகண்ட் இயர், சாயந்தரம் புட் டெலிவரி ஓட்டறேன். எனக்கு மினிமம் சம்பளம் உண்டா? – சேலம்

பதில்: இப்போதைக்கு இல்ல தம்பி. ஆப் கம்பெனி உன்னை ஊழியர்னு கணக்குல வெக்கல, பார்ட்னர்னு வெச்சிருக்கு, அதனால குறைந்தபட்ச சம்பளம் உன்கிட்ட வந்து சேரல. தமிழ்நாட்டுல உன்னை மாதிரி ஆப் மூலமா வேலை பாக்கற கிக் தொழிலாளர்களுக்குன்னு 2023 கடைசில தனி நல வாரியம் அமைச்சாங்க, அதுல பதிவு பண்ணிக்கோ, விபத்துன்னா உதவும். பெட்ரோலையும் மொபைல் டேட்டாவையும் கழிச்சுட்டு மணிக்கு எவ்வளவு நிக்குதுன்னு ஒரு வாரம் எழுதிப் பாரு, அப்பறம் ஓட்டறதா வேண்டாமான்னு நீயே முடிவு பண்ணிடுவ.

கேள்வி: அக்கா, நான் ஸ்டூடன்ட் விசால லண்டன் வந்திருக்கேன், வயசு 20. ஈஸ்ட் ஹாம்ல நம்ம ஆள் ஒருத்தரோட மளிகைக் கடைல நிக்கிறேன். மணிக்கு 6 பவுண்டு கைல குடுக்கறார். "இந்த நாட்டுல சின்னப் பசங்களுக்கு கம்மிதான், போய் கூகுள்ல பாரு"ன்னு சொல்றார். – திருச்சிப் பையன்

பதில்: அவர் பாதி உண்மை சொல்லிட்டு மீதியை பாக்கெட்ல வெச்சுக்கிட்டார். பிரிட்டன்ல வயசுக்கு ஏத்த ரேட் சட்டத்துலயே இருக்கறது நிஜம். 1999 ஏப்ரல்ல முதமுதல்ல மினிமம் கொண்டு வந்தப்பவே 22 வயசுக்கு மேல 3.60 பவுண்டு, 18 ல இருந்து 21 வரைக்கும் 3 பவுண்டுன்னு பிரிச்சாங்க. 16, 17 வயசுக்கு 2004 ல ஒரு ரேட் வந்துச்சு, அப்ரெண்டிஸுக்கு 2010 ல. ஆனா உன் வயசுக்கு, அதாவது 18 ல இருந்து 20 க்கு, 2025 ஏப்ரல்ல இருந்தே 10 பவுண்டு, 2026 ஏப்ரல்ல இருந்து 10.85. 21 ஆனா 12.71. 16, 17 வயசுப் பிள்ளைகளுக்கே 8 பவுண்டு. 6 பவுண்டுங்கற ரேட் எந்த வயசுக்கும் கிடையாது.

இப்ப கணக்கைப் பாரு. டேர்ம் நேரத்துல டிகிரி படிக்கிற உனக்கு விசால வாரம் 20 மணி நேரம்தான் அனுமதி. மணிக்கு 4.85 வெச்சு வாரம் 97 பவுண்டு உன் கைல வரல.

வயசைப் பாத்து ரேட் வெக்கிறதுக்கு அங்க சொல்ற காரணம், சம்பளம் ஏத்தினா அனுபவம் இல்லாத பசங்களை யாரும் வேலைக்கு எடுக்க மாட்டாங்கங்கறது. அந்தப் பயத்தை முழுசா தள்ளிட முடியாது, வேலையே கிடைக்காம வீட்ல உக்காந்திருக்கற பையனுக்கு ரேட் எவ்வளவா இருந்து என்ன. ஆனா முழு ரேட் கிடைக்கிற வயசை 25 ல இருந்து 2021 ல 23 ஆக்கினாங்க, 2024 ல 21 ஆக்கினாங்க, இப்ப 18 வரைக்கும் கொண்டு வரணும்னு அரசாங்கமே பேசுது. ரூம் வாடகைல 20 வயசுக்காரனுக்குத் தனி ரேட் இல்ல, கடைல அரிசி மூட்டை தூக்கறப்ப எடையும் குறையாது. என் கட்சி இந்த விஷயத்துல எப்பவும் பசங்க பக்கம்தான்.

நீ செய்ய வேண்டியது, வேலை பாத்த நேரத்தை போன்ல தேதியோட குறிச்சு வை, ரோட்டா (எந்த நாள் எந்த ஷிப்ட்னு அனுப்பற) மெசேஜ் எல்லாத்தையும் அழிக்காத. ஏகாஸ்னு இலவச ஹெல்ப்லைன் இருக்கு, பேர் சொல்லாமயே கேக்கலாம். புகார் நிரூபணமாச்சுன்னா பாக்கியை இன்னைக்கு இருக்கற ரேட்ல கணக்குப் போட்டுத் தரணும், அது போக பாக்கில ரெண்டு மடங்கு வரைக்கும் அபராதம் கட்டணும். ஒரு எச்சரிக்கை மட்டும், எந்த வாரமாவது 20 மணி நேரத்தைத் தாண்டியிருந்தா புகார் குடுக்கறதுக்கு முன்ன உன் யூனிவர்சிட்டி ஸ்டூடன்ட்ஸ் யூனியன்ல அட்வைஸ் சென்டர் இருக்கும், அங்க போய்ப் பேசு. கடைக்காரர் அதை வெச்சுத்தான் உன்னை மிரட்டுவார், கைல குடுக்கறதுக்கும் அதான் காரணம். நம்ம ஊர்க்காரர்ங்கற பாசத்துல நீ வாய் திறக்க மாட்டேன்னு அவருக்குத் தெரியும், எனக்கு அதுலதான் ஆத்திரம்.

கேள்வி: ஒரு பேக்கரில ஒரு வருஷம் வேலை பாத்துட்டு பொங்கலுக்கு அப்பறம் நின்னுட்டேன். குடுத்தது மினிமத்துக்கும் கீழன்னு இப்பத்தான் தெரியுது. சம்பள ரசீதே கிடையாது, இனிமே கேக்க முடியுமா? – கும்பகோணம்

பதில்: முடியும். பழைய சட்டத்துல ஆறு மாசத்துக்குள்ள மனு போடணும்னு இருந்துச்சு, புதுத் தொகுப்புல மூணு வருஷம் ஆக்கியிருக்காங்க. ரசீது இல்லையேன்னு தயங்க வேண்டாம், சம்பளம் ஒழுங்காக் குடுத்தேன்னு நிரூபிக்க வேண்டியது முதலாளி பொறுப்புன்னு அதே தொகுப்புல எழுதியிருக்கு. குறைவாக் குடுத்த தொகையோட, அதுல பத்து மடங்கு வரைக்கும் நஷ்ட ஈடும் அதிகாரி உத்தரவு போடலாம். மாசச் சம்பளத்தை 26 ஆல வகுத்தா ஒரு நாள் கூலி, தமிழ்நாடு அரசாணைகள்ல வழக்கமா அப்படித்தான். அடிப்படைச் சம்பளத்தோட அகவிலைப்படியையும் சேர்த்துப் பாருங்க, அது வருஷா வருஷம் ஏப்ரல் 1 ல சென்னை விலைவாசிக் குறியீட்டை வெச்சு மாறும், பல பேர் அடிப்படையை மட்டும் பாத்துட்டு சரியாத்தான் இருக்குன்னு விட்டுடறாங்க. கூட வேலை பாத்த ஒருத்தர் சாட்சி சொல்ல வந்தா நல்லது, மாவட்டத் தொழிலாளர் துறை ஆபீஸ்ல மனு எழுதிக் குடுத்துட்டு ஒப்புகைச் சீட்டை மறக்காம வாங்கிக்கோங்க.